4.21 நொடியில் ஓடும் ரூக்கி: முதல் ஆண்டில் எதை எதிர்பார்க்கலாம்?

2024 மார்ச் 2ஆம் தேதி, இண்டியானாபொலிஸ் நகரின் லூக்காஸ் ஆயில் ஸ்டேடியத்தில் டெக்சாஸ் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து வீரர் சேவியர் வொர்தி 40 கெஜத்தை 4.21 நொடியில் ஓடி முடித்தார். 2017இல் ஜான் ராஸ் வைத்திருந்த 4.22 நொடி சாதனை அன்று உடைந்தது. அடுத்த மாதமே கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணி அவரை டிராஃப்டின் (அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) 28ஆவது ஆளாக எடுத்துக்கொண்டது. சீஃப்ஸ் ரசிகர்களுக்கு அன்று இரவு தூக்கம் வந்திருக்காது. நடுவே காற்றாகப் பறக்கும் ஓர் ஆள், அவருக்கு 60 கெஜம் பந்து எறியும் பேட்ரிக் மஹோம்ஸ் என்று கனவு தானாகவே விரிந்தது.

முதல் சீசன் முடிந்தபோது வொர்தியின் கணக்கு 59 கேட்ச், 638 கெஜம். ஒரு கேட்சுக்குச் சராசரி 10.8 கெஜம்தான். அதே டிராஃப்டில் 33ஆவதாக பஃபலோ பில்ஸ் எடுத்த கியான் கோல்மன், 40 கெஜத்தை 4.61 நொடியில் ஓடியவர். அவரது முதல் ஆண்டுக் கணக்கு 29 கேட்ச், 556 கெஜம். சராசரி 19.2.

உலகிலேயே வேகமான ரிசீவர் என்று பேர் வாங்கியவர் 10.8, மெதுவான ஆள் என்று முகம் சுளிக்கப்பட்டவர் 19.2. இது எப்படி நடக்கும்? அதிவேக ரூக்கியைப் பற்றி ரசிகர்களுக்கு வரும் குழப்பம் எல்லாம் இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது.

முதலில் சில சொற்கள்

அமெரிக்கக் கால்பந்தில் வைட் ரிசீவர் என்பவர் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவர். அவருக்குப் பந்தை எறிபவர் குவாட்டர்பேக். ரிசீவரோடு ஒட்டி ஓடித் தடுப்பவர் கார்னர்பேக். எல்லோருக்கும் பின்னால் கடைசிக் காவலாக நிற்பவர் சேஃப்டி. பந்து கைமாறி ஆட்டம் தொடங்கும் நொடிக்கு ஸ்னாப் என்று பெயர். ரிசீவர் எந்தத் தடத்தில் ஓட வேண்டும் என்று முன்கூட்டியே வரைந்து வைத்திருப்பது ரூட். கல்லூரி ஆட்டத்திலிருந்து என்.எஃப்.எல். என்னும் தொழில்முறை லீகுக்கு வந்து முதல் ஆண்டு ஆடுபவரை ரூக்கி என்பார்கள். ஒரு கெஜம் ஏறத்தாழ 91 சென்டிமீட்டர், 40 கெஜம் என்றால் 36 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

அந்த 4.21 எதை அளக்கிறது?

டிராஃப்டுக்கு முன்னால் நடக்கும் தேர்வு முகாமில் இந்த ஓட்டம் நடக்கிறது. துப்பாக்கிச் சத்தம் கிடையாது. ஓடுபவர் தனக்குத் தோன்றும்போது கிளம்பலாம். அவர் உடல் அசைந்ததும் ஒருவர் பொத்தானை அழுத்துவார், முடிவுக் கோட்டில் மின்னணுக் கருவி நேரத்தை நிறுத்தும். உடம்பில் கவசம் இல்லை, தலையில் ஹெல்மெட் இல்லை, எதிரே ஆளும் இல்லை. பந்தும் இல்லை.

சரி, இந்த வேகம் களத்தில் எவ்வளவு இடைவெளி தரும்? 4.21 நொடிக்காரரும் 4.5 நொடிக்காரரும் ஒரே நேரத்தில் கிளம்பினால், முதலாமவர் கோட்டைத் தொடும்போது இரண்டாமவர் சுமார் இரண்டரை மீட்டர் பின்னால் இருப்பார். பந்தை எட்டாமல் செய்ய அது தாராளமான தூரம்தான். சிக்கல் நேரத்தில் இருக்கிறது. குவாட்டர்பேக்கிடம் பொதுவாக இருப்பது இரண்டரை முதல் மூன்று நொடி. அதற்குள் எறியாவிட்டால் அவர்மேல் நாலு பேர் விழுந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் ரிசீவர் 20 கெஜம் ஓடியிருப்பார். அந்த 20 கெஜத்தில் இருவருக்குமான இடைவெளி ஒரு மீட்டருக்குச் சற்று மேலோ கீழோதான். கார்னர்பேக் கையை நீட்டினால் அந்த ஒரு மீட்டர் காணாமல் போய்விடும்.

அதனால்தான் வேகத்தை ஒரு திறமை என்று சொல்வதைவிட ஒரு கையிருப்பு என்று சொல்லத் தோன்றுகிறது. அதைச் செலவழிக்க வேறு திறமைகள் வேண்டும்.

எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது?

ரசிகர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் கண்ணால் பார்த்த உதாரணங்கள் இருக்கின்றன.

பாப் ஹேய்ஸ் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.0 நொடியில் ஓடித் தங்கம் வாங்கினார். அடுத்த ஆண்டே டல்லாஸ் கௌபாய்ஸ் அணியில் ரூக்கியாக 46 கேட்ச், 1,003 கெஜம், 12 டச்டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பது). ஒரே ஆளை வைத்து அவரைத் தடுக்க முடியாமல்தான் எதிரணிகள் ஆளுக்கு ஆள் காவல் என்பதை விட்டு, இடத்துக்கு இடம் காவல் என்ற முறையை வளர்த்தன என்பார்கள். 1998இல் ராண்டி மாஸ் முதல் ஆண்டிலேயே 17 டச்டவுன் அடித்தார்.

கான்சஸ் சிட்டிக்கோ இன்னும் நெருக்கமான நினைவு ஒன்று உண்டு: டைரீக் ஹில். 2016 டிராஃப்டின் ஐந்தாம் சுற்றில் வந்து, லீகின் மிகப் பயங்கரமான வேகக்காரராக வளர்ந்தவர். 2022 மார்ச்சில் ஐந்து டிராஃப்ட் உரிமைகளுக்கு ஈடாக மயாமிக்குப் போய்விட்டார். அவர் போன பிறகும் சீஃப்ஸ் அடுத்தடுத்து இரண்டு சூப்பர் பௌல் (லீகின் இறுதிப் போட்டி) வென்றது. ஆனாலும் 2023 முழுக்க ரிசீவர்கள் கைக்கு வந்த பந்தைக் கீழே போட்டதைப் பார்த்து நொந்துபோன ரசிகர்களுக்கு வொர்தி வந்தபோது மனத்தில் வந்த முகம் ஹில்தான்.

ஒன்றை அவர்கள் மறந்துவிட்டார்கள். ஹில்லின் முதல் ஆண்டில் 61 கேட்ச், 593 கெஜம். சராசரி 10 கெஜம்கூட இல்லை. அன்று அவர் பேர் வாங்கியது பெரும்பாலும் எதிரணி உதைத்த பந்தை வாங்கித் திருப்பி ஓடும் ஆட்டங்களில். எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் அந்த ஹில், அப்புறம் வந்தவர். வொர்தியின் 638 கெஜத்தை ஹில்லின் பெயரைச் சொல்லிக் குறைத்துப் பேசுவது அந்த வகையில் நியாயமே இல்லை.

கல்லூரியில் பறந்தவர் இங்கே ஏன் நடக்கிறார்?

1. மைதானத்தின் கோடுகள் வேறு. இரண்டு மட்டத்திலும் மைதானத்தின் அகலம் 160 அடிதான். ஆட்டம் எங்கிருந்து தொடங்கலாம் என்று காட்டும் உள்கோடுகளின் இடைவெளி மட்டும் கல்லூரியில் 40 அடி, என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்தை ஓர் ஓரக் கோட்டில் வைத்தால் மறுபக்கம் 100 அடி வெட்டவெளி கிடைக்கும். வேகமான பையனை அந்தப் பக்கம் நிறுத்திவிட்டால் போதும். என்.எஃப்.எல்.லில் அதிகபட்சமே சுமார் 89 அடி. பந்து எப்போதும் நடுவை ஒட்டியே இருப்பதால் சேஃப்டி இரண்டு பக்கமும் எட்டிவிடுவார்.

2. முதல் ஐந்து கெஜம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஸ்னாப் இடத்திலிருந்து ஐந்து கெஜம் வரை கார்னர்பேக் ரிசீவரைக் கையால் தள்ளலாம், மார்பில் அடித்து நிறுத்தலாம். விதி அதை அனுமதிக்கிறது. கார்னர்பேக் மூக்குக்கு நேரே வந்து நிற்பார். ஸ்னாப் ஆனதும் ரிசீவர் ஒரு காலை வெளியே வைத்து உள்ளே போகப் பார்ப்பார். அந்த இடைவெளியில் எதிராளியின் உள்ளங்கை தோள்பட்டைக்குக் கீழே வந்து இறங்கும். அந்தக் கையைத் தட்டிவிட்டு, இடுப்பைத் திருப்பி, ஓரக் கோட்டை நோக்கி நசுக்கப்படாமல் வெளியே வர வேண்டும். இதெல்லாம் ஒரு நொடிக்குள் நடக்கும். அந்தத் தள்ளலில் அரை நொடி போனால் 4.21 என்பது 4.7 ஆகிவிடும். வொர்தியின் எடை சுமார் 165 பவுண்டு, அதாவது 75 கிலோ. எதிரே நிற்பவருக்கு 190, 200 பவுண்டு இருக்கும். கல்லூரியில் இப்படி முகத்துக்கு நேரே வந்து நின்று தள்ளத் தெரிந்தவர்கள் சிலரே. இங்கே வாராவாரம் அப்படி ஒருவர் நிற்பார்.

3. இரண்டு கால். கல்லூரியில் ஓரக் கோட்டுக்கு உள்ளே ஒரு கால் பட்டால் கேட்ச். என்.எஃப்.எல்.லில் இரண்டும் பட வேண்டும். முழு வேகத்தில் ஓடிவருபவருக்கு இந்த இரண்டாவது கால் பெரிய தொல்லை. தலைக்கு மேல் தோளைத் தாண்டி இறங்கும் பந்தைப் பார்த்துக்கொண்டே, பார்க்காமலே கோடு எங்கே என்று உணர்ந்து, கால்விரலை இழுத்துப் பதிக்க வேண்டும்.

4. நிற்கத் தெரிய வேண்டும். பின்காவல் (கார்னர்பேக்குகளும் சேஃப்டிகளும்) எப்போதும் வேகத்துக்கு அஞ்சிப் பின்வாங்கிக்கொண்டே இருப்பதால், வேகக்காரருக்கு எளிதாகக் கிடைப்பது முன்னால் உள்ள இடம். 12 கெஜம் பாய்ந்து ஓடி, இரண்டே காலடியில் நின்று, குவாட்டர்பேக் பக்கம் திரும்பினால் பந்து காத்திருக்கும். காகிதத்தில் எளிது. அதிவேகத்தில் போகும் ஓர் உடலை இரண்டே அடியில் நிறுத்த, தொடையிலும் கணுக்காலிலும் தனி பலம் வேண்டும். புதியவர்கள் நாலைந்து குட்டி அடி வைத்துத்தான் நிற்பார்கள். அந்தக் குட்டி அடிகளைப் பார்த்ததும் கார்னர்பேக்குக்கு ரூட் தெரிந்துவிடும்.

5. ஓடும்போதே படிக்க வேண்டும். எதிரணி எப்படி நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒரே ரூட் பாதியில் மாறும் ஆட்டங்கள் உண்டு. குவாட்டர்பேக்கும் ரிசீவரும் ஒரே நேரத்தில் ஒரே முடிவுக்கு வர வேண்டும். ஒருவர் நின்று மற்றவர் ஓடினால் பந்து ஆளில்லாத இடத்தில் விழும். ஆண்டி ரீட் பயிற்சியாளராக இருக்கும் அணியில் இந்தப் பாடம் இன்னும் கனமானது. வருடக்கணக்கில் கூட ஆடிய டிராவிஸ் கெல்சியும் மஹோம்ஸும் கண்ணாலேயே பேசிக்கொள்வதை ஒரு ரூக்கி ஆறு மாதத்தில் கற்றுவிட முடியாது.

10.8 கெஜம்: தோல்வியா, வேலைப் பிரிவினையா?

வொர்தியின் முதல் ஆட்டம் 2024 செப்டம்பர் 5, பால்டிமோர் ரேவன்ஸுக்கு எதிராக. பந்து முதன்முதலில் அவர் கைக்கு வந்தது ஓட்டமாகத்தான்: பக்கவாட்டில் ஓடிவந்து கையில் வாங்கி, 21 கெஜம் ஓடி டச்டவுன். நான்காம் கால்பகுதியில் பக்கத்தில் யாருமே இல்லாமல் தனியாக நின்று 35 கெஜ டச்டவுன் பிடித்தார். பெருங்கனவு அன்றே நிறைவேறியது போல் இருந்தது.

அதே மாதம் 29ஆம் தேதி சார்ஜர்ஸ் அணிக்கு எதிராக 54 கெஜ டச்டவுன் ஒன்றும் பிடித்தார். அந்த ஆட்டத்தில்தான் எல்லாம் மாறியது. சீஃப்ஸின் முதன்மை ரிசீவர் ரஷீ ரைஸ் முழங்காலில் அடிபட்டு அந்த ஆண்டு முழுக்க வெளியே போனார். இன்னொரு வேகக்காரரான மார்க்கீஸ் பிரவுன் சீசன் தொடங்கும் முன்னரே தோளில் அடிபட்டு ஒதுங்கியிருந்தார்.

இதன் விளைவைக் கவனியுங்கள். ரைஸின் வேலை குறுகிய தூரத்தில், நெரிசலுக்கு நடுவே பந்தைப் பிடித்து நாலடி, ஐந்தடி கூடுதலாகப் பிடுங்குவது. அந்த வேலையைச் செய்ய யாராவது வேண்டும். தூர ஓட்டத்துக்கு என்று வாங்கிய ஆளைக் குறுகிய வேலைக்கு இறக்க வேண்டியதாயிற்று. பின்காவலும் சும்மா இல்லை. சீஃப்ஸுக்கு எதிராக இரண்டு சேஃப்டிகளையும் ஆழத்தில் நிறுத்துவது பல ஆண்டுகளாகவே வழக்கம், 4.21 நொடிக்காரர் களத்தில் இருக்கும்போது அவர்களை முன்னே வரச்சொல்ல எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வராது. பின்னால் கூரை போட்டாயிற்று, முன்னால் வாசல் திறந்திருக்கிறது. மஹோம்ஸ் வாசல் வழியாகவே போனார்.

கோல்மனின் 19.2க்கும் இதே தர்க்கம்தான், தலைகீழாக. 6 அடி 3 அங்குல உயரம், 210 பவுண்டுக்கு மேல் எடை. அவருக்கு எறிந்த பந்துகளில் பல ஆழத்தில், உயரத்தில், இருவர் எம்பும் இடத்தில் எறியப்பட்டவை. பிடித்தால் 20 கெஜம், பிடிக்காவிட்டால் பூஜ்யம். கேட்ச் எண்ணிக்கை 29தான் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சராசரி கெஜம் ஒருவருடைய வேகத்தைச் சொல்லாது. அணி அவருக்கு என்ன வேலை கொடுத்தது என்பதைத்தான் சொல்லும்.

டிசம்பருக்குள் வொர்தி அந்தக் குறுகிய வேலையில் தேறிவிட்டார். கிறிஸ்துமஸ் நாளில் பிட்ஸ்பர்க்கில் 8 கேட்ச். ஆண்டு முழுதும் ஓட்டமாக மட்டும் 20 முறை பந்தை வாங்கி 104 கெஜம், 3 டச்டவுன். எல்லாம் சேர்த்து 9 டச்டவுன். அணி 15 ஆட்டம் வென்று 2 மட்டுமே தோற்றது. இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். ரசிகர்கள் எதிர்பார்த்த வடிவத்தில் வரவில்லை, அவ்வளவுதான்.

வேகத்தை மட்டும் வாங்கினால் என்ன ஆகும்?

வொர்தி முறியடித்த சாதனைக்குச் சொந்தக்காரரான ஜான் ராஸை சின்சினாட்டி பெங்கால்ஸ் 2017இல் ஒன்பதாவதாக எடுத்தது. தோள் அறுவை சிகிச்சையோடு வந்த அவருக்கு முதல் ஆண்டில் ஒரு கேட்சும் இல்லை. ஒரே ஒருமுறை பந்தை வாங்கி 12 கெஜம் ஓடினார், அதையும் கைநழுவ விட்டார். பிறகு அவர் எந்த ஆண்டிலும் 506 கெஜத்தைத் தாண்டவில்லை.

2009இல் ஓக்லாண்ட் ரெய்டர்ஸ், 4.30 நொடி ஓடிய டேரியஸ் ஹேவர்ட்-பே என்பவரை ஏழாவதாக எடுத்தது. முதல் ஆண்டில் 9 கேட்ச். காலில் காயம் இருந்ததால் தேர்வு முகாமில் ஓடவே முடியாத மைக்கேல் கிராப்ட்ரீ அதே டிராஃப்டில் பத்தாவதாக சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனார். ஒப்பந்தத் தகராறில் முதல் சில ஆட்டங்களை விட்டுவிட்டும் 48 கேட்ச் பிடித்தார்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். ரூக்கி ரிசீவர்களின் கேட்ச், கெஜம் இரண்டிலும் 2023இல் சாதனை படைத்தவர் பூக்கா நாக்குவா: 105 கேட்ச் (இது 2024இல் முறியடிக்கப்பட்டது), 1,486 கெஜம். டிராஃப்டில் 177ஆவது ஆள். அவரை எடுக்காமல் அத்தனை அணிகள் கடந்துபோனதற்கு அவர் பெரிய வேகக்காரர் இல்லை என்பதும் ஒரு காரணம்.

வேகம் வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. ராஸ், ஹேவர்ட்-பே இருவருக்கும் கையிருப்பு நிறைய இருந்தது. அதைச் செலவழிக்கும் வழிதான் அமையவில்லை. காயமும் அதில் பெரிய பங்கு. இதில் வொர்திக்கும் விதிவிலக்கு இல்லை: 2025 செப்டம்பரில், சாவோ பாலோவில் நடந்த சீசனின் முதல் ஆட்டத்தில், குறுக்கே ஓடும்போது சொந்த அணியின் கெல்சிமேலேயே மோதித் தோள் விலகியது. 75 கிலோ உடம்பு முழு வேகத்தில் மோதினால் அதற்கு ஒரு விலை உண்டு.

சூப்பர் பௌலின் 157 கெஜம்

2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸ். பிலடெல்ஃபியா ஈகிள்ஸிடம் சீஃப்ஸ் 40–22 என்று தோற்றது. அந்தத் தோல்வியில் வொர்தி 8 கேட்ச், 157 கெஜம், 2 டச்டவுன். ரசிகர்களின் மனம் ஒரே இரவில் மறுபடி பழைய கனவுக்குத் தாவியது.

இங்கேயும் நிதானம் வேண்டும். அவரது முதல் டச்டவுன் வந்தபோது ஸ்கோர் 34–0. கடைசி 50 கெஜ டச்டவுனோ ஆட்டம் கையைவிட்டுப் போன பிறகு வந்தது. அவ்வளவு முன்னிலையில் இருக்கும் அணி கடிகாரம் ஓடினால் போதும் என்று ஆடும். முதல் பாதியில் மஹோம்ஸுக்கு நிற்கவே நேரம் கிடைக்கவில்லை. நேரம் இல்லாவிட்டால் வேகக்காரர் எவ்வளவு தூரம் ஓடினாலும் பந்து வராது. ஒரு ரிசீவரின் கெஜம் பாதி அவரது காலில் இருக்கிறது, மீதி குவாட்டர்பேக்குக்கு முன்னால் அரணாக நிற்கும் அந்த ஐந்து பெரிய ஆட்களின் கையில் இருக்கிறது.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

அடுத்த ஆண்டு உங்கள் அணி ஒரு வேகக்கார ரூக்கியை எடுத்தால், கெஜக் கணக்குக்கு முன்னால் இவற்றைப் பாருங்கள்:

1. அவர் களத்தில் எத்தனை ஸ்னாப் நிற்கிறார்? பந்து வராவிட்டாலும் பயிற்சியாளர் அவரை வெளியே எடுக்கவில்லை என்றால் நம்பிக்கை வந்துவிட்டது என்று பொருள்.

2. முகத்துக்கு நேரே கார்னர்பேக் வந்து நிற்கும்போது ஐந்து கெஜம் தாண்ட எவ்வளவு நேரம் ஆகிறது? செப்டம்பரில் திணறியவர் நவம்பரில் நழுவி வெளியே வந்தால் அதுதான் உண்மையான வளர்ச்சி.

3. பக்கத்தில் ஆடுபவருக்கு என்ன கிடைக்கிறது? வேகக்காரர் ஆழமாக ஓடி இரண்டு காவலர்களை இழுத்துக்கொண்டு போன பிறகு, காலியான அந்த நடு இடத்தில் வேறொருவர் 15 கெஜம் பிடிப்பார். அந்தக் கேட்ச் ரூக்கியின் கணக்கில் ஏறாது. என்னைக் கேட்டால் முதல் ஆண்டில் அவர் அணிக்குத் தரும் பெரிய லாபமே இதுதான்.

4. சேஃப்டி எங்கே நிற்கிறார்? தொலைக்காட்சியில் ஸ்னாப் ஆனதும் கேமரா பந்தின் பின்னால் போய்விடும், பின்காவல் படத்திலேயே இருக்காது. ஸ்னாப்புக்கு முந்தைய சில நொடியில் மட்டும் அவரைப் பார்க்கலாம். ரூக்கி உள்ளே வந்ததும் அவர் இரண்டு அடி பின்னால் எடுத்து வைக்கிறாரா என்று பாருங்கள்.